பத்தாம் இலக்கம்

பதினெட்டு ஜேர்சி, சிவப்பு.
முதுகில் வெள்ளை இலக்கம் தைக்கவேணும் என்று
துணியைப் போட்டுவிட்டுப் போனார் பயிற்றுநர்.
படி இறங்கியபின் திரும்பிச் சொன்னார்:
"ஆருக்கு எந்த இலக்கம் எண்டு
கடை வாசலிலை கதை வரப்படாது."

அன்று பின்னேரமே வந்துவிட்டார்கள்.
நெல் ஆலைக் குலேந்திரன், தலைமயிரில் உமியோடு.
ஓட்டோ இராசரூபன்.
சிப் மாற்றவேணும் என்று
நல்ல சிப் உள்ள பாவாடையோடு
தபால்கந்தோர் ஜெயசீலி.

ஒட்டுசுட்டானில் இந்த மாதம்
அறுவடை முடிந்த வயல் எரிகிற புகையும்
செந்தாரகைக் கழகம் பற்றிய சண்டையும்தான்.

"குளக்கட்டிலை ஓட விடுறாராம், விடிய ஐஞ்சுக்கு."
"ஆறரைக்கு. ஐஞ்சுக்கு யானை நிக்கும்."
"நிக்கட்டும். யானை கலைச்சால்தான்
எங்கடை பின்வரிசை ஓடும்."

கோல்காப்பாளர் றெக்சனுக்குச் சுட்டுவிரல் முறிவு.
பந்தால் இல்லை,
வெட்டு மெசினின் பெல்ட்டால்.
கஜவதனனுக்கு ருமேனியா விசா வந்துவிட்டது.
அவனுடைய இடத்துக்கு மதுமிதனாம்,
பதினேழு வயது, இடக்கால்,
பள்ளிக்கூட ஆட்டத்தில் ஐந்து கோல்.
"பள்ளிக்கூடப் பெடியளுக்கு நானும் அடிப்பன்"
என்றான் இராசரூபன்.
ஜெயசீலி அவனது வயிற்றைப் பார்த்தாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு கொஞ்ச நேரம்
மெசின் சத்தம் மட்டும்.
கேட்க வந்தது இதுதான்:

"அக்கா, பத்து?"

எழில்வேந்தன்.
போன வருசம் பதினாலு கோல்.
மாங்குளத்து அரையிறுதியில் முழங்கால் திருகி
வைக்கோல் கட்டு மாதிரி விழுந்தவன்.
யாழ்ப்பாணத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் படுக்க வைத்து
உடம்பில் இரும்பு ஏதும் இருக்கா என்று கேட்டார்களாம்.
இருக்கு என்றானாம்.
ஐந்து வயதில் போனது, இடுப்புக்குப் பக்கத்தில்.
எழுப்பி அனுப்பிவிட்டார்கள்.

"படமில்லாமல் சவ்வு கிழிஞ்சதோ எண்டு எப்பிடித் தெரியும்?"
"அந்த இரும்போடைதானே பதினாலு அடிச்சவன்."
"விசரன், அது இடுப்பு. இது முழங்கால்."
"உள்ளுக்கை இரும்பில்லாத ஆக்களாய்த்
தெரிஞ்செடுக்கப் போனால்
இஞ்சை நடுவர் மட்டும்தான் மிஞ்சுவார்."
எல்லோரும் சிரித்தார்கள்.
குலேந்திரன் சிரித்து முடித்துத்
தோளைச் சொறிந்தான்.

இருட்டியபின்தான் போனார்கள்.
பாவாடையை மேசையிலேயே விட்டுவிட்டாள் ஜெயசீலி.

என்னிடம் ஒரு கணக்கு உண்டு.
அவர்களுக்குச் சொல்லவில்லை.
அளவெடுக்க வந்த அன்று
அவனது இடத்தொடை இருபத்தொன்று,
வலத்தொடை பத்தொன்பதரை.
நாடாவை இரண்டாம் தரமும் சுற்றினேன்.
கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
"அக்கா, கொப்பியிலை ரண்டையும்
இருபத்தொண்டு எண்டு எழுதுங்கோ."
எழுதினேன்.

நேற்று நூல் வாங்கும் சாட்டில்
மைதானப் பக்கமாய்ச் சைக்கிளை விட்டேன்.
மற்றவர்கள் புழுதிக்குள் பந்தோடு.
அவன் கோல் கம்பத்துக்குப் பின்னால், தனிய,
ஒரு சீமெந்துக் கல்லில்
வலக்காலால் ஏறி இறங்கி,
ஏறி இறங்கி.
எண்ணிக்கொண்டு நின்றேன்.
அறுபதோடு விட்டுவிட்டேன்.
அவன் விடவில்லை.

இரவு பயிற்றுநர் போன் எடுத்தார்.
"பத்தை மட்டும் இப்ப தைக்கவேண்டாம், பிள்ளை."
"ஓம் சேர்" என்றேன்.

ஒன்றிலிருந்து ஒன்பது,
பதினொன்றிலிருந்து பதினெட்டு,
எல்லாம் மெசினில், இரட்டைத் தையல்.
பத்தை மடியில் வைத்துக்
கையால் ஓட்டுத் தையல் போட்டேன்.
நூல் நுனியைப் பிடித்து ஒருக்கால் இழுத்தால்
ஒன்றும் கழரும், பூச்சியமும் கழரும்,
துணியில் ஊசித் தடமும் நில்லாது.
இழுக்காவிட்டால்
தொண்ணூறு நிமிசம் தாங்கும்.

மேலதிக நேரம் என்றால்
எனக்குத் தெரியாது.