மிச்சம்

நாலாயிரத்து எண்ணூறு ரிங்கிட் பெட்டியைத்
துண்டில் சுற்றிக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு
ஜெலுத்தோங் அடுக்குமாடிக்கு வந்தான் சற்குணன்.
பதினோராம் மாடி. லிஃப்ட் கெட்டு நாலு நாள்.
மூச்சு திரும்பியதும் முதல் பேச்சு:
"கேட்டுப் பாரு, நாதஸ்வரக்காரர்
எச்சில் விழுங்குறது கேக்கும்."

என்னிடம் இருந்தது முப்பத்தொன்பது ரிங்கிட் டாங்கிள்.
ஃபோனின் வால் மாதிரி ஒன்று. பிங்க் நிறம்.
மகளிடம் கடன் வாங்கியது.

பாயான் லெப்பாஸில் அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பவள் நான்.
சரியா என்று எங்கள் பட்டறையில் யாரும் கேட்பதில்லை,
எவ்வளவு தப்பு என்றுதான் கேட்போம்.
ஆகவே காதை நீட்டவில்லை.
பதிவு செய்தேன்.

அதே நாதஸ்வரம், அதே கேபிள், அதே சத்த அளவு.
பெட்டி வழியாக ஒரு முறை, வால் வழியாக ஒரு முறை.
இரண்டாவதைத் தலைகீழாய்க் கவிழ்த்து
முதலாவதின் மேல் வை என்றேன் மென்பொருளிடம்.
மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்று தீர்த்தால்
தட்டு காலி.
தட்டில் கிடப்பது எதுவோ
அதற்குத்தான் அவன் காசு கொடுத்தான்.

கிடந்தது ஏராளம்.
சற்குணன் தொடையைத் தட்டினான்.

பொறு என்றேன்.
தொடக்கத்தில் ஒன்றுமில்லை, பார்;
போகப் போகத்தான் வீங்குகிறது.
இரண்டுக்குள்ளும் இரண்டு கடிகாரம்,
இரண்டும் நல்ல கடிகாரம்தான்,
நிமிடத்துக்கு ஒரு மயிரிழை விலகுகின்றன.
ஐந்தாம் நிமிடத்தில் ஒன்று அடுத்த சுரத்துக்குக் கால் தூக்க
மற்றது இன்னும் தரையில்.

ஒன்றை இழுத்து மற்றதோடு பொருத்தினேன்.
வீக்கம் வடிந்தது.
எண்பத்தொரு டெசிபல் கீழே.

"அப்படின்னா?"
பாட்டு பட்டர்வொர்த் போகும் ஃபெர்ரி என்றால்
இது அதன் தளத்தில் யாரோ துப்பிய
கடலைத்தோல்.

அந்தத் தோலையும் பெருக்கிக் கேட்டோம்.
எழுபது டெசிபல் ஏற்றி, மின்விசிறியை நிறுத்தி,
வியர்த்துக்கொண்டு.
அடியில் மின்சாரத்தின் முனகல்.
ஐஸ்பெட்டி உறங்கப்போன இடத்தில் ஒரு டக்.
அதற்கும் மேலே, எங்கோ,
குழல் இல்லாமல் சீவாளி மட்டும் ஊதுவது போல
ஏதோ ஒன்று.

"இதான்! இதான் நான் சொன்னது!"
அவன் கண் கலங்கியதா, வியர்வையா,
நான் உற்றுப் பார்க்கவில்லை.

தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு வந்து
வாலை மறுபடியும் பதிவு செய்தேன்.
வாலிலிருந்து வாலையே கழித்தேன்.
எழுபத்தொன்பது.

பெட்டியோடு ஒத்துப்போன அளவுக்குக்கூட
அது தன்னோடு ஒத்துப்போகவில்லை.
கெட்டில் ஓடியது காரணமாக இருக்கலாம்.
ராத்திரி பதினொன்று என்பது காரணமாக இருக்கலாம்.
திரையை அவன் பக்கம் திருப்பவில்லை.

கண்ணை மூடச் சொல்லிப் பதினாறு தரம் போட்டேன்.
எது பெட்டி, எது வால்?
ஒன்பது சரி.
விரல்களைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:
"பாதிக்கு மேலதானே?"
மேலதான்.

தெ ஓ ஆறிக்கொண்டிருந்தது.
பெட்டியைத் துண்டில் சுற்றத் தொடங்கியவன்
முடிச்சோடு பேசுவது போலச் சொன்னான்:
"தனலெட்சுமிகிட்ட எண்ணூறுன்னு சொல்லிருக்கேன்."

நாலாயிரம்.
இன்றிரவு நான் அளந்ததில்
ஐயமே இல்லாத வித்தியாசம் அது ஒன்றுதான்.
அவனும் அதைக் கணக்குப் போட்டிருப்பான்,
கீழே இறங்க வேண்டிய படிகளையும் சேர்த்து.

கதவைச் சாத்திக் கேபிளைச் சுருட்டினேன்.
கீழே மோட்டார் ஒன்று இருமிக் கிளம்பியது.
சற்குணனுடையது; அந்த இருமலை
எத்தனை மோட்டாருக்கு நடுவிலும் சொல்வேன்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.
வேறு யாரோ.
அவன் இன்னும்
ஆறாவது மாடிப் படியில்தான் இருப்பான்,
துண்டோடு.