நீவாடு

டெல்லியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.
தூத்தூர் நூலக மாடியில் மின்விசிறிக்கு நேர் கீழே
நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.
நான் மொழிபெயர்ப்பாளர். நாளுக்கு ஆயிரத்து இருநூறு,
ஆட்டோக் கூலி தனி.

திங்க் டேங்க் என்று அறிமுகம் செய்தேன்.
கதவருகே நின்ற கிளீற்றஸ்
"எந்த டேங்கு? டீசலா, ஐஸா, குடிதண்ணியா?" என்றான்.
சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.
மூவரில் இளையவள், சந்திரிமா, என்னவென்று கேட்டாள்.
வரவேற்கிறார்கள் என்றேன்.

பிறகு அவன் பேசினான்.
தூண்டில் எழுநூறு, பன்னிரண்டாம் நாள், டீசல் பாதி.
யாருடையதோ ஒரு தீவு;
அதன் விமானத்தள வெளிச்சம்
மேகத்தின் அடிவயிற்றில் மஞ்சளாகத் தெரிந்ததாம்.
"கோடு எனக்குத் தெரியும். ஜிபிஎஸ்சுல பாத்தேன்.
பதினோரு பேருக்க கடன் எனக்க வள்ளத்துல இருக்கு.
இஞ்ச சுறா இல்ல, அங்க உண்டு.
போனேன். அவ்வளவுதான்."

சந்திரிமா பேனாவைத் தூக்கிக் காத்திருந்தாள்.
ஓய்வுபெற்ற கப்பற்படைக்காரர் கண்ணாடி துடைத்தார்.
கிளீற்றஸின் மச்சினன் அப்போது
அதே தீவின் கொட்டடியில், எழுபத்தாறாம் நாள்.
நான் ஆங்கிலத்தில் சொன்னது:
நீவாடு இழுத்துவிட்டது. இரவு. எஞ்சின் பழுது. அறியாமல்.
நீவாடு என்ற சொல்லை
அவன் உச்சரிக்கவே இல்லை.

எட்டு மாதம் கழித்து அறிக்கை தபாலில் வந்தது.
அட்டையில் ஒரு போர்க்கப்பல், சூரிய உதயம்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்; நாங்கள் நாற்பத்தொன்றில்,
'அறியாமல் எல்லை தாண்டல்' என்ற தலைப்பின் கீழ்
ஒன்றரை வரி, அடிக்குறிப்பு பதினேழு.
மேலே வேற்றுநாட்டு ஆய்வுக் கப்பல்கள்,
கீழே கடலடிக் கேபிள்கள்.
பதினோரு பேரின் கடன் எந்த வரைபடத்திலும் இல்லை.

எள்ளிச் சொல்லவில்லை, கேளுங்கள்.
அந்த ஒன்றரை வரியைத்தான்
யாரோ ஓர் இணைச் செயலர் அடிக்கோடிட்டிருக்கிறார்.
மேசைவிட்டு மேசை போயிருக்கிறது அது,
எங்கோ ஒரு விருந்தில் கைகுலுக்கலாகியிருக்கிறது.
மச்சினன் அபராதம் கட்டி, படகை அங்கேயே விட்டு
முன்பே வந்து சேர்ந்திருந்தான்.
அடுத்த ஆண்டு பிடிபட்ட வள்ளவிளைக்காரர்களைப்
பத்தொன்பதே நாளில் விட்டார்கள். படகோடு. தூண்டிலோடு.
கடிதத்தில், அரசு முத்திரைக்கு மேலே,
'அறியாமல்' என்று இருந்தது.
அன்றிரவு மரச்சீனியும் மீனும் இரண்டு தட்டு தின்றேன்.

பிறகு கருவிகள் வந்தன.
அறியாமல் போகிறவனுக்கு அறிவிக்க வேண்டுமே?
பரிந்துரை ஆறு, பக்கம் தொண்ணூறு.
தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் இலவசமாக மாட்டினார்கள்,
செங்கல் அளவு;
கோட்டுக்குப் பத்து மைல் முன்பே கத்தத் தொடங்கும்,
கரையில் ஏதோ ஒரு திரையில் விளக்கு எரியும்.
ததேயுஸ் அதற்குத் தலையணை உறை போட்டான்.
இன்னொருவன் ஐஸ் அறையில்,
இரைமத்திப் பெட்டிக்கு அடியில் புதைத்தான்.
கத்தியும் திரும்பாதவன் இனி
அறியாதவன் ஆக முடியாது. டீசல் மானியம் நிற்கும்.
அதுவும் என் வாயிலிருந்து முளைத்ததுதான்.

போன வாரம் இரண்டாம் கட்டம்.
சந்திரிமாவுக்குக் காதோரம் நரை; இப்போது அவள்தான் தலைமை.
கப்பற்படைக்காரர் வரவில்லை, முழங்கால் வலியாம்.
மின்விசிறி புதிது. என் கூலி ஆயிரத்து எண்ணூறு,
பேசி வாங்கினேன்.
உண்மையைச் சொல்லிவிட
ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.
ராத்திரி முழுக்க அடித்துத் திருத்தியவை.

கிளீற்றஸ் தேய்த்த சட்டையில் வந்தான்.
எப்படி எல்லை தாண்டினீர்கள் என்று அவள் முடிக்குமுன்,
நான் வாய் திறக்குமுன்,
நேரே அவளைப் பார்த்துச் சொன்னான்:
"கரண்ட், மேடம். நைட். எஞ்சின் கம்ப்ளெயிண்ட்."

அவள் எழுதிக்கொண்டாள்.
எனக்கு மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.
மாடிப்படி இறங்கும்போது
மெதுவாக என் பக்கம் சாய்ந்து கேட்டான்,
"செரியா சொன்னனா?"