வரவு: ஒரு பார் ஐஸ்

பேனர் கடைக்காரன் சொன்னான்:
"வீல் சேர்ல உக்காந்த மாரி போட்டோ குடுக்கா.
நிக்கிற போட்டோவுக்கு எவன் துட்டு தருவான்?"

அன்றைக்கு என் கால்கள் நன்றாக இருந்தன.
பேசின் பிரிட்ஜ் படிகளைக்
கம்பி பிடிக்காமல் ஏறி வந்திருந்தேன்.
அதற்கு வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

புளியந்தோப்பு கேரம் கிளப்பில்
ஞாயிறு முழுக்க ஆட்டம். நுழைவு நூறு ரூபாய்.
வசூல் நாலு பேர் ஊசிக்கு.
நாலில் நானும் ஒருத்தி,
ரசீதுப் புத்தகமும் என் மடியில்தான்.

வருகிறவர்களுக்கெல்லாம் டில்லிபாபு விளக்குகிறான்:
"நரம்பு மேல கீற ரப்பர் உரிஞ்சிடும்ணா, ஒயர் மாரி."
இந்த ஒயர் கதை
டாக்டரிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து நாத்தனாருக்கு,
அப்புறம் தெருவுக்கே.

ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்:
"பாத்தா நல்லாத்தானம்மா கீற?"
நல்லாத்தான் கீறேன் சார்.
வலது கண்ணை மூடினால் மட்டும்
போர்டு நடுவில் இருக்கிற ரெட்டு
வெளுத்துப்போன உள்பாவாடை நிறம்.

பதினோரு மணிக்கு வெயில் தகரத்தில் இறங்கியது.
சூடு ஏறினால் என் உடம்பு என் பேச்சைக் கேட்காது.
முதலில் விரல் நுனி,
அப்புறம் முழங்காலுக்குக் கீழே யாரோ ஒருத்தியின் கால்.
முப்பத்தேழாம் ரசீதில்
என் ஏழு ஒன்றாகிவிட்டது.

அப்போதுதான் காசிமேட்டிலிருந்து
மீன்பாடி வண்டி வந்தது.
ஐஸ் கம்பெனி தேசப்பன்.
"தடைக்காலம்க்கா, போட்டு பூரா கரையில கீது.
கையில துட்டில்ல. இத்த
ஃபேனுக்கு முன்னால வெச்சிக்குங்க,
ஆடுற பசங்களுக்கு."
கோணி சுற்றிய முழு பார் ஐஸ்,
வஞ்சிர வாடையோடு.

அவனுக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது.
செருப்பைக் கழற்றி
இரண்டு பாதத்தையும் அதன்மேல் வைத்தேன்.
உடைந்த துண்டொன்று பிடரியில்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
ஸ்டிரைக்கர் சத்தம்கூட நின்றிருந்தது.
கொஞ்ச நேரத்தில் பேனா
என் விரலுக்குத் திரும்பி வந்தது.

பெயர்: தேசப்பன்.
தொகை?
"நூத்தம்பது போடு, மார்க்கெட் ரேட்டு" என்றான் டில்லிபாபு.
"துட்டா போடாத. துட்டா நான் குடுக்கல"
என்றான் தேசப்பன்.
வாக்குவாதம் முடிவதற்குள்
வரவில் பாதி சாக்கடைக்குப் போய்விட்டது.

இரவு எண்ணினோம்.
பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
கிழிந்த இருபது ரூபாயைச் சேர்க்கவில்லை.
நாலு பேருக்குப் போதாது, இரண்டு பேருக்கு வரும்.
யார் அந்த இரண்டு பேர் என்பதை
யாரும் ஆரம்பிக்கவில்லை.
ஜெபசீலிதான் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து
நாலு சீட்டு எழுதிப் போட்டாள்.
வெள்ளையாக வந்த சீட்டை ஊதினாள்.
அவள் பெயர்.
அடுத்தது கொடுங்கையூர் வேளாங்கண்ணி.
நான் கை தட்டினேன்.
தட்டினது கொஞ்சம் சீக்கிரமாக இருந்திருக்கலாம்.

செயலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
புத்தகத்தைப் புரட்டினார்.
நாற்பத்தோராம் ரசீதில் விரல் நின்றது.
ஈரத்தில் மை பரவியிருந்தாலும்
படிக்க முடிந்தது.

"ஒரு பார். இன்னாம்மா இது?
டேலி ஆவாதே."

ஆகாது சார்.
அடிக்காதீங்க.