டோக்கன் பதினான்கு

ஐந்து ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ஜெல் பட்டதும் எந்த மொழிக்காரரும்
'ஸ்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.
அவரும் சொன்னார்.

இடது சிறுநீரகம், அடிப்பக்கம்.
திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி,
அதற்குப் பின்னால் வால்போல் கறுப்பு நிழல்.
பார்த்ததும் வாய்விட்டுச் சொன்னேன்:
"கல்."

எழுந்தார். வயிற்றைத் துடைத்தார்.
சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டுப்
படியிறங்கிவிட்டார்.
ரிப்போர்ட் மேஜையிலேயே கிடந்தது.
எட்டு மில்லிமீட்டரைச் சுமந்தபடி
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலைக்கு
மாவு அள்ளப் போய்விட்டார் மனிதர்.

மறுநாள் நான் பூட்டைத் திறக்கும்போது
வாசலில் நிற்கிறார்.
"நேத்து நீங்கதானே சொன்னீங்க, நாளைக்குன்னு?"
இது ஷாஹிதா எனக்குச் சொன்ன தமிழ்.
கோட்டைக்காரி, வீட்டில் உருது.
பில் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு
சிரித்து முடித்த பிறகு சொன்னாள்:
"அவங்களுக்கு நாளைக்கும் கல், நேத்தும் கல்.
போனதா வரப்போறதான்னு
கூட வர்ற பேச்சுதான் காட்டும்.
நீங்க ஒத்தை வார்த்தையில நிறுத்திட்டீங்க."

நிறுத்தினேன்தான்.
தமிழில் கல்லுக்குத் துணை தேவையில்லையே,
தானாகவே கிடக்கும், தானாகவே இடறும்.
அதட்டிச் சொன்னால் 'படி' என்றும் ஆகும்.

விடியலைக் குறித்த ஏதோ பழஞ்சொல்
வாய்வாயாய்த் தேய்ந்து அவர்களின் கல் ஆனதாம்.
அவள் மாமா சொன்னாராம்.
நம்முடையது எங்கிருந்து தேய்ந்ததென்று
எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.
ஜன்னலைத் திறந்தால் ஏற்காட்டு மலை,
இந்தப் பக்கம் வெள்ளைக்கல் தோண்டிய குழிகள்.
இவ்வளவையும் வைத்துக்கொண்டு
யார் போய்க் கேட்பார்கள்?

தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னேன்.
ஊரில் என்ன தண்ணீர்?
"சாபாகல்" என்றார்,
இரண்டு கையாலும் காற்றை அமுக்கிக் காட்டினார்.
அடிபம்பு.
அதிலும் ஒரு கல். இயந்திரம் என்று பொருளாம்.
அந்தக் கல் இறைத்த நீர்தான்
இந்தக் கல்லைக் கட்டியதோ என்னவோ.
ஸ்கேனில் அதெல்லாம் தெரியாது.

ராத்திரி வலித்தால்?
"கல் நஹீ."
ஷாஹிதா ஒரு நொடி யோசித்தாள்.
"நிம்மதி இல்லைங்கிறார். அதுவும் கல்தான்."
கல் இருப்பதால் கல் இல்லை.
இதை ரிப்போர்ட்டில் எப்படித் தட்டச்சு செய்ய?

அதற்குப் பிறகுதான் அவர் வாய் திறந்து பேசினார்.
வந்திறங்கிய இரவு, புது பஸ் ஸ்டாண்ட்.
ஒரு கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு
"நாமக்கல் நாமக்கல் நாமக்கல்"
என்று தொண்டை கிழியக் கத்துகிறார்.
அவர் காதில் விழுந்தது
நாம், கல்:
பேர் நாளைக்கு, பேர் நாளைக்கு.
இந்த ஊரில் பேரைக்கூட
நாளைக்குத்தான் தருவார்கள்போல என்று நினைத்தாராம்.
சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரித்தார்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

நான் நேற்றைய பக்கத்தைப் புரட்டினேன்.
டோக்கன் பதின்மூன்று: ப. தெய்வயானை.
டோக்கன் பதினைந்து: கோ. இளம்பரிதி.
நடுவில், என் கையெழுத்தில்,
'ஹிந்தி ஆள்'.

எழுத்தெழுத்தாய்க் கேட்டு அடித்தேன்.
ராம்லகன் மஹதோ.
கம்ப்யூட்டர் அடியில் சிவப்புக் கோடு போட்டது.
போட்டால் போடட்டும்.

பெரிய டாக்டருக்குப் போன் செய்து நேரம் வாங்கினேன்.
நாளை, பத்தரை மணி.
ஷாஹிதா வாயெடுக்குமுன்
நானே முந்திக்கொண்டு சொன்னேன்:
"கல்."

அவர் இடுப்பைத் தொட்டுக் காட்டினார், இதுவா?
சுவர்க் காலண்டரைக் காட்டினார்,
அதுவா?