ஏழாம் பகுதிக்கு மறுநாள்

வியாழன் இரவு பத்தரைக்கு முடிந்தது.
வெள்ளி காலை ஈசூன் காப்பிக்கடையில்
அதற்குள் மூன்று கட்சி.

விண்கலத்துக் கதவு அப்படித் திறக்காது
என்கிறான் குணாளன், மின்தூக்கி பழுதுபார்க்கிறவன்.
"காத்தே இல்லாத இடத்துல
டமார்னு சத்தம் எப்படி லா வரும்?"
கேட்டுவிட்டு ரொட்டி பிராட்டாவைக் கிழிக்கிறான்
குற்றவாளி அதுதான் என்பதுபோல.

நோர்ஹயாத்திக்குச் சத்தம் ஒரு பொருட்டில்லை.
இரவுப் பணி முடிந்து வந்த தாதி.
எந்திரம் தன்னை அணைத்துக்கொள்ளும் முன்
கலத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாய்த் தணித்ததே,
அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.
"எங்க வார்டிலும் அப்படித்தான் செய்வோம்.
யாரும் கத்துக் கொடுத்ததில்லை."

கடைக்காரர் பூன் ஹுவாட் பாதியில் தூங்கிவிட்டார்.
ஆனாலும் கருத்து உண்டு:
போன வாரப் பகுதி இதைவிட மேல்.
அதிலும் தூங்கியவர்தான்.

நான் தே சி ஆறக் காத்திருக்கிறேன்.
பதினொன்றாம் மாடிக்காரி என்று தெரியும் இவர்களுக்கு.
திரையின் அடியில் ஓடிய தமிழ்
என் கைவேலை என்று தெரியாது.
ஒரு வரிக்கு இத்தனை எழுத்து,
ஒரு நிமிடத்துக்கு இத்தனை வெள்ளி.
'ஈர்ப்புவிசை' என்று முழுதாய் எழுதினால்
நாயகியின் கழுத்து மறைகிறதாம்.

எந்திரம் செத்ததா இல்லையா,
பேச்சு அங்கே வந்து நிற்கிறது.
செத்துவிட்டது, என்கிறாள் நோர்ஹயாத்தி,
மலாய் எழுத்தில் பார்த்தவள்.
செத்தது, என்கிறார் பூன் ஹுவாட்,
கண்ணை மூடிப் பார்த்தவர்.
குணாளன் மட்டும் ஒப்பவில்லை.
"வரும். அதான் சொல்லிச்சே."
பக்கத்து மேசையில் பள்ளிச் சீருடையில் ஷாமளா:
"ஆமா அங்கிள். எங்கம்மா அழவே இல்ல."

மூலத்தில் அது 'போகிறேன்' என்றது.
அவ்வளவே.
அதிகாலை மூன்று மணிக்கு அதைத் தட்டினேன்.
ஒப்படைக்க இரண்டு மணி நேரம் இருந்தது,
அடுத்த வரிக்கு விரல் நகர மறுத்தது.
வாசலில் நின்று யார் அப்படிச் சொல்வார்கள்?
சொன்னால் வாயில் அடி விழும் வீட்டில் வளர்ந்தவள்.
அழித்தேன். எழுதினேன்:
போய்ட்டு வரேன்.

ஒரு மரியாதைக்குத்தான்.
இன்று பார்த்தால்
மலாயில் துக்கம், மாண்டரினில் துக்கம்,
ஆங்கிலத்தில் துக்கம்,
தமிழில் மட்டும்
அடுத்த வியாழன்.

நிறுவனத்தின் மின்னஞ்சல் கைப்பேசியில் கிடக்கிறது:
பொருள் மாறுகிறது, இன்றைக்குள் திருத்தவும்.
எட்டாம் பகுதியும் என்னிடம்தான் இருக்கிறது.
அந்த எந்திரம் அதில் உண்டா என்று தெரியும்.
வாய் திறக்க முடியாது,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

குணாளனுக்கு அழைப்பு.
எதிர் பிளாக்கில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
மின்தூக்கி நின்றுவிட்டதாம், உள்ளே ஆள்.
பையைத் தூக்கித் தோளில் போட்டு
"வரேன்" என்றான், யாரையும் பார்க்காமல்.

மேசை துடைக்க வந்த பூன் ஹுவாட்
அவன் பாதி குடித்த காப்பியை எடுக்கப் போனார்.
எடுக்கவில்லை.
மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவைத்தார்.