வெறும் வண்டியின் எடை

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஆத்தூர் சாலையில் இருக்கிறது எடைமேடை.
மேடை எனக்குச் சொந்தமில்லை.
பெட்டி மாதிரி ஓர் அறை, ராத்திரி,
மாதம் பதினோராயிரம்,
இவ்வளவுதான் என்னுடையது.

குச்சிக்கிழங்கு ஓய்ந்து
மாங்காய் லாரி வருகிற வைகாசி.
பாரத்தோடு ஓர் எடை.
இறக்கிவிட்டு வந்ததும் வெறும் வண்டி ஓர் எடை.
கழித்தால் மிஞ்சுவதற்குத்தான் காசு.
டிரைவரும் கீழே இறங்கியாக வேண்டும்,
ஆள் உட்கார்ந்திருந்தால் எடை பொய்.

மோனிஷா விடைக்குறிப்போடு ஒத்துப் பார்த்து
நானூற்று முப்பத்தொன்று என்றாள்,
காய்ச்சல் எத்தனை டிகிரி என்று
சொல்கிற குரலில்.

பழைய ரசீதின் முதுகில் எழுதியிருக்கிறாள்.

தனியார் கல்லூரி, வருஷத்துக்குப் பதினைந்து லட்சம், ஹாஸ்டல் தனி.
ஒரு லாரிக்கு எடைக்கூலி நூறு ரூபாய்.
பதினைந்தாயிரம் லாரியை
மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன்.
கடைசி வண்டி உளுந்தூர்ப்பேட்டை தாண்டி நிற்கிறது.
அதுவும் முதல் வருஷத்துக்கு.

ராசிபுரம் கோச்சிங், இன்னொரு வருஷம், ஒன்றரை லட்சம்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி,
பேனா அதன் மேலேயே
நான்கைந்து முறை சுற்றியிருக்கிறது.

அரசு கலைக் கல்லூரி, விலங்கியல்.
மூன்று வருஷமும் சேர்த்து
ஒரு ஜோடி கம்மலுக்குள் அடங்கும்.
பஸ் பாஸ் உண்டு.
அடியில் பொடி எழுத்தில்:
படித்துக்கொண்டே மறுபடி எழுதலாம்.
அப்போது வயசு 21.

கடைசியில் ஒரு வரி,
அடித்த அடியில் தாள் கிழிந்திருக்கிறது.
வெளிச்சத்தில் பிடித்தேன்.
அம்மா பி.எஃப்.

"டாக்டர் ஆனாலும் மேல்படிப்பு இருக்குமா.
எல்லாத்தையும் இப்பவே இறக்கிட்டா
அப்ப எதை ஏத்தறது?"
நான் பதில் தேடுவதற்குள்
செங்கோடன் வண்டி தட்டில் ஏறிவிட்டது.
எட்டாயிரத்து நானூற்று இருபது.
அந்த எண்ணைச் சொல்வது எவ்வளவு சுலபம்.

இரண்டு மணிக்கு ரோடு வெறிச்சோடியது.
ஏற்காட்டு மலையில்
ஏதோ ஒரு வண்டியின் விளக்கு வளைந்து அணைந்தது.
"தட்டுல ஏறேன்" என்றேன்.
இரண்டு பேரும் நின்றோம்.
நூற்றுப்பத்து.
நான் இறங்கினேன்.
ஐம்பது.
"சாப்பிடறதே இல்ல நீ."
"பத்துப் பத்தாத்தான் காட்டும்மா இது.
நடுவுல இருக்கறது மிஷினுக்குத் தெரியாது."

கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு நாளை கடைசி.
கட்டணம் ஐம்பது ரூபாய்,
அரை லாரி.
"இது போட்டுட்டா அது இல்லைன்னு ஆயிடுமா?"
எனக்கே அது தெரியவில்லை.
தெரிந்ததுபோல் தலையாட்டவும் இல்லை.
போனை நீட்டினேன்.

ஓடிபி வந்ததா என்றாள்.
வரவில்லை.
சிக்னலுக்காக அறைக்கு வெளியே,
தட்டின் ஓரத்தில் போய் நின்றேன்.
உள்ளே திரையில் அறுபது என்று விழுந்திருக்கும்.
பிறகு வந்தது, ஆறு எண்கள்.
ஒவ்வொன்றாகக் கத்திச் சொன்னேன்,
பின்னால் மாங்காய் லாரி ஒன்று
நகரச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.