உள்ளது உள்ளபடி

கழுவவில்லை.
கழுவினால் விலை ஏறுமாம்.
ஏறட்டும், வேறு யாருக்காவது.

அறுபத்தெட்டாம் வருஷத்து ட்ரையம்ஃப்.
பச்சை என்கிறது பதிவேடு,
பானெட்டைக் கேட்டால் வேறு சொல்லும்.
இடது கதவின் நசுங்கல்
கெல்சோ சந்தையில் ஒரு செம்மறிக் கிடா முட்டியது.
மூன்றாம் கியர் கெஞ்சினால்தான் விழும்.
வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும்.

க்ரோனிங்கனிலிருந்து வந்த ரெய்ன்டர்
காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றித்
தகரமெங்கும் ஒற்றி ஒற்றிப் பார்த்தார்
காய்ச்சல் குழந்தையைத் தொடுவதுபோல்.
பட்டி பார்த்து மறைத்த இடம் எதுவுமில்லை என்றானதும்
குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பிறகு மண்டியிட்டு,
'ஓட்டுகிற பக்கம் விரிப்பு நன்றாக இருக்கிறது,
இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு பெரிய ஓட்டை?'

அது என் வலது குதிகால்.
முப்பத்தோரு வருஷம்
வளைவுக்கு வளைவு ஃபெர்கஸ் சீட்டியடிக்க
நான் இல்லாத பிரேக்கை மிதித்தேன்.
ஒருமுறைகூட வண்டி நிற்கவில்லை.
ஒருமுறைகூட நாங்கள் சாகவுமில்லை.
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

முந்நூறு பவுண்டு குறைக்கச் சொன்னார்.
ஓட்டைக்கென்றால் மாட்டேன்,
மழைக்கென்றால் சரி, என்றேன்.

அவர் மனைவி ஹில்டியே ஏறி உட்கார்ந்தாள்.
கற்சுவர் ஓரம் வண்டி திரும்பியபோது
அவள் தோள் வெடுக்கென்று பின்னால் சாய்ந்தது.
கால் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சாவிக்கொத்தோடு வீட்டுச் சாவியும் போய்விட்டது.
சமையலறை சன்னல் வழியே ஏறி உள்ளே வந்தேன்,
எழுபத்து நான்கு வயதில்,
முழங்கால் சிராய்க்க,
சிரித்துக்கொண்டே.